கீச் கீச் ஷூவும் நாகர்கோவில் மூட்டையும்

செப்டம்பர் 22, திங்கள்

ஆதிரை அழவில்லை. நான்தான் அழுதேன்.

பதினோரு மாதமாக இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தவளைப் பிளசி அக்காவின் க்ரெஷ்ஷில் விட்டுவிட்டு, பிரசவ விடுப்புக்குப் பிறகு இன்று முதல்முறையாக ஆபீஸ் போனேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதில் கை வலித்தது. "கெளம்புங்க கண்ணு. இங்கயே நின்னீங்கன்னா உங்களுக்கும் சேத்து ஒரு டம்ளர் பால் ஆத்தோணும் நானு" என்றார் அக்கா. உள்ளே ஆதிரை யாருடைய பொம்மையையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆபீஸ் இருக்கும் சரவணம்பட்டி அப்படியேதான் இருக்கிறது. ஆபீசில் என் பழைய லேப்டாப்பையே தூசி தட்டிக் கொடுத்தார்கள். டீம் லீட் குணசீலன் மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். பாப்பா நல்லா இருக்குதுங்ளா என்று கேட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நேராவே சொல்லிடறனுங்க சுகிர்தா. ராத்திரி சப்போர்ட்ல ஒரு சீட் காலி. லீவுல இருந்து வந்தவங்களத் தூக்கி அங்க போடலாம்னு மேல பேசிக்கறாங்க. நான் இந்தத் தீபாவளி ரிலீஸ உங்க கையில குடுக்கறேன். பத்தாந்தேதி அது நல்லபடியாப் போச்சுன்னா, இவங்க இல்லாம என்ற டீம் ஓடாதுன்னு அடிச்சுச் சொல்லுவேன்."

"போகலைன்னா?"

"போயிருமுங்க" என்றார். அது பதிலில்லை.

ஆதிரை இன்னும் ராத்திரியில் எழுந்து பால் குடிக்கிறாள். என் கணவருக்குப் பம்ப் கம்பெனியில் காலை ஷிப்ட், விடிவதற்குள் கிளம்பிவிடுவார். எனக்கு ராத்திரி ஷிப்ட் என்றால் வேலையை விடுவது என்றுதான் அர்த்தம். இதை அவரிடம் சொன்னேன். நவநீதன் யோசித்துவிட்டு, "சாப்டுட்டுக் கவலப்படலாம், வா" என்றார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

என் மவுஸை ஆதிரை தண்ணீர் பக்கெட்டில் போட்டுவிட்டாள். இனி டச்பேட்தான்.

செப்டம்பர் 25, வியாழன்

வேலை என்னவென்று எழுதி வைக்கிறேன். எழுதினால் பயம் கொஞ்சம் சின்னதாகிறது.

சேலத்துப் பார்சல் கம்பெனி ஒன்றுக்கு நாங்கள் சாப்ட்வேர் செய்து தருகிறோம். தீபாவளிக்கு அவர்களுக்குப் புதுக் கட்டணம். நாகர்கோவிலுக்கு ஒரு மூட்டை இதுவரை எழுபது ரூபாய், இனிமேல் தொண்ணூறு. மாற்ற வேண்டியது இவ்வளவுதான். ஆனால் எங்கள் ஜாவா புராஜெக்ட் ஒரே வீடு இல்லை, ஒரு கூட்டுக்குடும்பம். மேலே ஒரு தாய் ஃபோல்டர். அதற்குள் புக்கிங், ரேட், வண்டி, பொது என்று பிள்ளைகள், அதாவது மாட்யூல்கள். யாருக்கு யார் தேவை என்று ஒவ்வொன்றும் தன் கையில் ஒரு சீட்டு வைத்திருக்கும். புக்கிங்கின் சீட்டில் "எனக்கு ரேட் வேண்டும்" என்று இருக்கும். அதைப் படித்து, முறைப்படி எல்லாவற்றையும் கட்டித் தருவதற்கு மேவன் என்று ஒரு கருவி. நாங்கள் புரோகிராம் எழுதும் ஐ.டி.இ. ஜன்னலுக்குள்ளேயே மேவன் உட்கார்ந்திருக்கும். பட்டனைத் தொட்டால் போதும்.

பக்கத்து சீட் பர்வீன் உக்கடத்துப் பெண். நான் விடுப்பில் இருந்தபோது சேர்ந்தவள். "அக்கா, ஒரு நம்பர மாத்தறதுக்கா மூணு வாரம்?" என்றாள்.

"மூணு வாரமும் நம்பர மாத்தறதுக்கில்ல. மாத்தினா என்ன ஆகும்னு பயப்படறதுக்கு."

வீட்டுக்கு வந்ததும் ஆதிரையைத் தூக்கினேன். தூங்கும்வரை இறக்கவில்லை. சமைத்ததுகூட ஒரு கையால்தான். தோசை இலங்கை வரைபடம் போல வந்தது.

செப்டம்பர் 26, வெள்ளி

தொண்ணூறு! என் திரையில் நாகர்கோவில் மூட்டை தொண்ணூறு காட்டியது. பர்வீனும் நானும் கேன்டீனில் பஜ்ஜி சாப்பிட்டோம்.

பஜ்ஜி இறங்குவதற்குள் சோதனைக்கு வைத்திருக்கும் டெஸ்ட் சர்வரில் போட்டுப் பார்த்தார்கள். எழுபது.

செப்டம்பர் 29, திங்கள்

எழுபது. எழுபது. எழுபது.

செய்து பார்த்தவை: பழைய பில்டைத் துடைத்துவிட்டு மறுபடி கட்டினேன். புராஜெக்டை மறுபடி ஏற்றினேன். ஐ.டி.இ.யின் ஞாபகம் எல்லாவற்றையும் அழித்து மறுபடி திறந்தேன். பக்கத்துப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன். என் திரையில் தொண்ணூறு, சர்வரில் எழுபது. சர்வர் என்னைக் கேலி செய்வது போலவே இருக்கிறது.

குணசீலன் என் திரையை எட்டிப் பார்த்தார். "டீ குடிங்க" என்றார். அவர் டீ குடிக்கச் சொன்னால்தான் பயமாக இருக்கிறது.

பிளசி அக்கா, அடியில் ரப்பர் புள்ளி வைத்த, வழுக்காத சாக்ஸாக நாளைக்கு ஆதிரைக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். அங்கே தரை குளிர்ச்சி போலிருக்கிறது. சளி பிடித்தால் யார் பார்ப்பது? இரண்டு ஜோடி வைத்தேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை, நாளை மறுநாள் விடுமுறை என்பதால் ஆபீசில் இன்றே ஆயுத பூஜை. எல்லா லேப்டாப்பையும் மூடி நீள மேசையில் வரிசையாக வைத்தோம். குணசீலன் வேட்டியில் வந்து, ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார். என் லேப்டாப் முன்னால் வந்ததும் நின்றார்.

"இதுக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா வெக்கோணுமுங்க" என்று திறந்து, டச்பேட்டின் மேல் அரை உள்ளங்கை சந்தனத்தை அப்பினார். "இனி வேல செய்யலைன்னா கேளுங்க."

"சார், இது வேற மாதிரி வேல செய்யும்" என்றாள் பர்வீன், பொரி மென்றுகொண்டே. லேப்டாப்புகளுக்கு வெள்ளிக்கிழமை வரை ஓய்வு. மூடி வைத்துவிட்டு எல்லாரும் சீக்கிரமே கிளம்பினோம்.

எப்போதும் நாலு மணிக்கு அவர்தான் ஆதிரையைக் கூட்டி வருவார். இன்று அவர்கள் கிளம்புவதற்குள் போய்விடலாம் என்று நேராக க்ரெஷ்ஷுக்கே போனேன். கேட்டருகே போகும்போது உள்ளே ஒரே கைதட்டல். கதவைத் தள்ளினேன். சட்டென்று அமைதி. ஆதிரை நடுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் பிளசி அக்கா, எதிர்ப்பக்கம் அவர். இருவரும் முட்டி போட்டு, கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மாங்காய் திருடி மாட்டிக்கொண்ட முகம்.

"என்ன கைதட்டல்?"

"பாட்டு கண்ணு" என்றார் அக்கா.

"என்ன பாட்டு?"

"யானப் பாட்டு" என்றார் அக்கா. அதே நொடியில் "மழைப் பாட்டு" என்றார் அவர்.

"யானை மழையில நனையற பாட்டு" என்று அவரே சேர்த்துக்கொண்டார்.

நான் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. ஆதிரையின் நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். எங்கே இடித்தாள், எப்படி இடித்தாள்? "சும்மா, உக்காந்த எடத்துலயேதான்" என்றார் அக்கா, என் கண்ணைப் பார்க்காமல். உட்கார்ந்த இடத்தில் எப்படி நெற்றியில் இடிக்கும்? அக்கா நல்லவர். ஆனால் அவரிடம் ஒன்பது பிள்ளைகள். நான் வேலைக்குப் போன ஒரே வாரத்தில் என் பிள்ளையின் நெற்றி வீங்கியிருக்கிறது.

வீடு வரைக்கும் தூக்கியே வந்தேன். "எறக்கி விடேன் சுகி, கொஞ்சம்" என்றார் வழியெல்லாம். அவருக்கு வலிக்காது.

அக்டோபர் 2, வியாழன்

இரண்டு நாளும் ஆதிரை என் மடியில்தான். வீக்கம் வற்றிவிட்டது. "தரையில விளையாடட்டுமே" என்று அவர் ஐந்தாறு தடவை சொல்லியிருப்பார். தரைக்கும் இவருக்கும் என்ன சொந்தமோ.

அக்டோபர் 3, வெள்ளி

கிடைத்துவிட்டது!!

நிதானமாக எழுதுகிறேன். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் சந்தனம் காய்ந்து டச்பேட்டில் ஓடாக ஒட்டியிருந்தது. சுரண்டினேன், துடைத்தேன். அதற்குப் பிறகு திரையில் அம்புக்குறி தன்னிஷ்டத்துக்குக் குதிக்க ஆரம்பித்தது. நான் மேலே போகச் சொன்னால் கீழே போயிற்று, ஐ.டி.இ.யைத் திறக்கச் சொன்னால் கால்குலேட்டரைத் திறந்தது.

"அக்கா, சாமி எறங்கிடுச்சு. வேப்பில கொண்டாரட்டுமா?" என்றாள் பர்வீன்.

ஆளாளுக்கு மவுஸ் கையில் இருந்தது, கடன் கேட்க வெட்கம். கீபோர்டாவது என் பேச்சைக் கேட்கிறதே என்று, ஐ.டி.இ.யைத் திறக்காமலே, கறுப்பு டெர்மினலில் கட்டளையை என் கையாலேயே தட்டினேன். புக்கிங் ஃபோல்டருக்குள் போய், அங்கிருந்தபடியே மேவனைக் கூப்பிட்டேன். ஓடியது. நாகர்கோவிலுக்கு ஒரு மூட்டை போட்டேன்.

எழுபது.

என் லேப்டாப்பில்! என் சொந்தப் புரோகிராமில்! சந்தோஷத்தில் நான் கத்திய கத்தில் அந்தப் பக்க டீம் எழுந்து நின்று பார்த்தது. ஒரு வாரமாகச் சர்வரில் மட்டும் இருந்த பேயை முதல்முறையாக என் மேசைக்கே வரவழைத்துவிட்டேன் அல்லவா.

அதற்குப் பிறகு அது பேயில்லை. ஐ.டி.இ.க்கு எல்லாப் பிள்ளைகளும் கண்ணெதிரே திறந்து கிடக்கிறார்கள். புக்கிங் "ரேட் வேண்டும்" என்றால், பக்கத்தில் நான் இப்போதுதான் திருத்திய ரேட்டை அப்படியே எடுத்துக் காட்டிவிடும். ஆனால் புக்கிங்கை மட்டும் தனியாகக் கட்டச் சொன்னால் மேவன் பக்கத்தில் எட்டிப் பார்க்காது. எப்போதோ கட்டி, லேப்டாப்பின் ஒரு மூலையில் பத்திரப்படுத்திய ரேட் பொட்டலத்தை எடுத்து வைத்துக்கொள்ளும். கேட்ட பெயர் இருக்கிறது, அது போதும் அதற்கு.

அந்தப் பொட்டலத்தின் தேதியைப் பார்த்தேன். நான் பிரசவத்துக்குப் போவதற்கு முந்தின வாரம் கட்டியது. கால் வீங்கி, ஸ்டூலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கட்டியது. அந்தப் பொட்டலத்தைப் பொறுத்தவரை ஆதிரை இன்னும் பிறக்கவே இல்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

ஆதிரைக்கு மூக்கு ஒழுகுகிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் தோளில்தான்.

அவர் கடைக்குப் போய்ச் சின்னதாக ஒரு ஜோடி மஞ்சள் ஷூ வாங்கி வந்திருக்கிறார். மிதித்தால் கீச் கீச் என்று கத்தும் வகை. நடக்காத பிள்ளைக்கு எதற்கு என்றேன். "தள்ளுபடில கெடச்சுது" என்றார். மிச்சம் பிடிக்கிறாராம். மறுபடி தேடினால் ஷூவைக் காணோம், க்ரெஷ் பைக்குள் வைத்துவிட்டாராம். அங்கே எதற்கு?

அக்டோபர் 6, திங்கள்

சர்வரும் என் லேப்டாப் போலவே புக்கிங்கை மட்டும் கட்டுகிறது என்று பர்வீனும் நானும் கண்டுபிடித்தோம். முன்பெல்லாம் தாய் ஃபோல்டரிலிருந்து குடும்பம் முழுவதையும் கட்டும். யார் மாற்றியது? குணசீலனிடம் போனோம்.

"அட, அது நாந்தானுங்க!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். "ரேட் எங்க மாறுது, எதுக்கு ஒவ்வொருக்காவும் அதையும் கட்டிட்டு இருக்கோணும்னு, நீங்க லீவுல இருந்தப்ப, புக்கிங்க மட்டும் கட்டுன்னு மாத்தி வெச்சேன். பில்டு சீக்கிரம் முடியுதுன்னு எல்லாத்துக்கும் டீ வேற வாங்கிக் குடுத்தனுங்க."

"நான் ரெண்டு குடிச்சேன் சார்" என்றாள் பர்வீன். "திருப்பிக் குடுத்தரட்டுமா?"

அவர் சிரித்துவிட்டு நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீங்களே மாத்துங்க."

மாற்றியது இரண்டே எழுத்து. "இதைக் கட்டும்போது, இது எதையெல்லாம் நம்பியிருக்கிறதோ அதையும் சேர்த்துக் கட்டு" என்பதற்கு மேவனின் மொழியில் இரண்டே எழுத்து. பில்ட் ஓடியது. நடுவில் சிவப்பில் நின்றது. பார்த்தால், ரேட் மாட்யூலுக்குள் நான் எப்போதோ எழுதி வைத்த சோதனை ஒன்று, "நாகர்கோவில் எழுபதுதானே, யார் மாற்றியது?" என்று மறித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கும் சேதி சொல்லிப் புரியவைத்தேன்.

டெஸ்ட் சர்வர்: தொண்ணூறு.

இனி வெள்ளிக்கிழமை நிஜ சர்வர். அங்கே என்ன காத்திருக்கிறதோ.

அக்டோபர் 8, புதன்

மாடிப்படி ஏறும்போது அவர் தன் அம்மாவிடம், என் அத்தையிடம், போனில் பேசுவது கேட்டது. "இல்லம்மா, அவகிட்ட இன்னும் சொல்லல. வெள்ளிக்கெழம வரைக்கும் நீங்களும் வாயத் தொறந்தராதீங்க. பாவம், தாங்க மாட்டா."

என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டார். ஆதிரையை வாரித் தூக்கிக்கொண்டேன்.

என்ன தாங்க மாட்டேன்? நெற்றியா? ஸ்கேன் எடுத்தீர்களா? பிளசி அக்கா கீழே போட்டுவிட்டாரா? எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

"சுகி, சுகி. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல. என்ற தலை மேல சத்தியமா."

"அப்ப என்ன மறைக்கறீங்க?"

"கெட்டது எதுவும் மறைக்கல" என்றார். உதட்டோரம் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. நான் அழுதுகொண்டிருக்கும்போது! "வெள்ளி போகட்டும். ஆமா, அவள எறக்கித்தான் விடேன், கையி வலிக்கல?"

இறக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

அக்டோபர் 9, வியாழன்

ஆபீசுக்கு முன் ஆதிரையை டாக்டரிடம் காட்டினேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், கண்ணில் லைட் அடித்தார், காலை மடக்கி நீட்டினார். "தலையில ஒண்ணுமில்லம்மா. காலு நல்லா உறுதியா இருக்கு. நீங்கதான் இவளத் தூக்கித் தூக்கி இடுப்ப ஒடச்சுக்காதீங்க" என்று எனக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அக்டோபர் 10, வெள்ளி

மத்தியானம் சோறு இறங்கவில்லை. பர்வீன் தன் டப்பாவிலிருந்து பிரியாணியை ஊட்டாத குறையாக என் வாயில் திணித்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். செய்துகொண்டிருக்கும் பிரதியின் பெயருக்குப் பின்னால் 'ஸ்னாப்ஷாட்' என்று ஒரு வால் ஒட்டியிருப்போம். அது ஒத்திகைப் பிரதி. ஒரே பெயரில் எத்தனை தடவை வேண்டுமானாலும் கட்டலாம், யாரும் கணக்கு வைப்பதில்லை. வாடிக்கையாளர் கைக்குப் போகும் நாளில் அந்த வாலை நறுக்கிவிடுவோம். அதுதான் ரிலீஸ். பதிவேட்டில் தேதி ஏறுவது அதற்குத்தான்.

"நீங்களே நறுக்குங்க அக்கா" என்றாள் பர்வீன். நறுக்கினேன். பில்ட் ஓடியது: பொது, ரேட், வண்டி, புக்கிங், ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை. நிஜ சர்வருக்குப் போயிற்று. பிறகு போன் அடித்தது. சேலத்துக்காரர்.

குணசீலன் ஸ்பீக்கரில் போட்டார். "ஏங்க, நாகர்கோவில் மூட்டைக்குத் தொண்ணூறு கேக்குதுங்க உங்க மிசினு!" என்று அந்தப் பக்கம் ஒரே சத்தம்.

"புது ரேட்டுங்க. நீங்கதானுங்க மாத்தச் சொன்னீங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரட்டும் சத்தம். "அட, ஆமா. ஒவ்வொருக்காவும் ரெண்டு நாள் கழிச்சுத்தான மாறும், இன்னைக்கே மாறிடுச்சேன்னு பதறிட்டேன்."

குணசீலன் போனை வைத்துவிட்டு மேலே போனார். இறங்கி வந்தபோது கையில் லட்டு டப்பா. "ராத்திரி சப்போர்ட்டுக்கு வேற ஆள் பாத்துக்கறாங்களாம். உங்கள இங்கிருந்து எடுத்தா பில்டு நின்னு போயிரும்னு சொல்லி வெச்சேனுங்க."

"அது பொய்யாச்சே சார். ரெண்டு எழுத்துதானே."

"எந்த ரெண்டு எழுத்துன்னு அவங்களுக்குத் தெரியாதுங்களே" என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்து சீட் அம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் நகர்ந்துகொண்டார்.

அக்டோபர் 11, சனி

ஆதிரை நடந்தாள்.

காலையில் எழுந்தபோதே உடம்பு லேசாக இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். ஜன்னல் வெயில் தரையில் விழுந்திருந்தது. என்ன தோன்றிற்றோ, இறக்கி விட்டுவிட்டு நான் போய் சோபாவில் சாய்ந்தேன். இந்த மூன்று வாரத்தில் நானாக அவளைத் தரையில் விட்டது இதுதான் முதல்.

அவர் அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். கையில் போன். க்ரெஷ் பையைத் துழாவி மஞ்சள் ஷூவை எடுத்து, நொடியில் அவள் காலில் மாட்டினார்.

"ஐயோ சுகி, பாரு, நடக்கறா!" என்று கத்தினார். ஆதிரை அப்போது உட்கார்ந்துதான் இருந்தாள்.

பிறகு எழுந்தாள். எதையும் பிடிக்கவில்லை. கீச். கீச். கீச் கீச் கீச். என்னைப் பார்த்து, முன்வாய்ப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் என் ஹேர் கிளிப் தரையில் கிடந்தது. நின்றாள், குனிந்தாள், எடுத்தாள், நிமிர்ந்தாள், டீப்பாய் முனையைச் சுற்றி அழகாகத் திரும்பி வந்து என் முட்டியைக் கட்டிக்கொண்டாள்.

நான் அழுதேன், சிரித்தேன், பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டேன். நவநீதன் எல்லாவற்றையும் படம் பிடித்தார். அத்தைக்கு வீடியோ காலில் காட்டினோம். "அடி என் தங்கமே, இன்னைக்குத்தான் மொதல்லயா!" என்று அத்தை கேட்டார். அத்தைக்கு நடிப்பு அவரைவிட நன்றாக வருகிறது. "ஆமா அத்தை, மொதமொதல்ல என்கிட்டத்தான் நடந்து வந்தா" என்றேன். எனக்கும் ஒன்றும் மோசமில்லை.

பிளசி அக்காவுக்குப் போன் செய்தேன். "நெசமாவா கண்ணு!" என்றார். அப்புறம் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. "ரொம்ப நன்றிக்கா" என்றேன். எதற்கு என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தடுப்பூசி அட்டையோடு ஆஸ்பத்திரியில் கொடுத்த குழந்தைப் புத்தகத்தில் 'முதல் நடை' என்று ஒரு கோடு காலியாக இருந்தது. வாலை நறுக்கிய கையாலேயே நிரப்பினேன்: அக்டோபர் 11.

மத்தியானம் ஆதிரை தூங்கியதும் ஷூவைக் கழற்றி எடுத்தேன். வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அடியில் ரப்பர் தேய்ந்திருந்தது, இண்டு இடுக்கெல்லாம் க்ரெஷ் முற்றத்துச் செம்மண். வெளியே அவர் துணி காயப்போட்டுக்கொண்டு, எதற்கோ தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஈரத்துணி எடுத்து, அவர் உள்ளே வருவதற்குள், மண் தெரியாமல் துடைத்து வைத்துவிட்டேன்.